கடைசி இன்ஜினின் சாக்பீஸ் குறிகள்

“…அப்ப இந்த இஞ்சின்ல என் குறி மட்டுந்தான் இல்ல. அப்படித்தானே பாய்?”

மரியபுஷ்பம் அக்கா இதைக் கேட்டது ஜமால் பாயிடம். ஆனால் ஷெட்டில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது தன்னைக் கேட்டதாகவே பட்டது. பாய் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார். ராமாமிர்தம் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். நான் தகரக் கூரையில் ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மார்கழிக் காலை. கூரையில் படிந்த பனி சொட்டுச் சொட்டாக இன்ஜினின் மஞ்சள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் சம்பா கதிர் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது. டீசல் வாசமும் ஈரக் கதிர் வாசமும் சேர்ந்து ஒரு வாசம் வரும். அதை நான் வேறு எங்கும் முகர்ந்ததில்லை.

அந்த ரயில் இன்ஜின் முழுசாக நின்றது. ஒயரிங் ஒன்றுதான் பாக்கி. இன்ஜினை முடிக்கவே கூடாது என்று கூடிப் பேசி முடிவெடுத்தவர்களே மற்ற எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். இந்த வாரம் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் என் மொபெட் வாய்க்காலில் இறங்கிய கதையைப் படித்துச் சிரித்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் கசக்கும்.

ரைஸ்மில்லில் பிறந்த கம்பெனி

எங்கள் கம்பெனியைத் தொடங்கியவர் வலங்கைமான் பக்கத்து ரைஸ்மில்காரர். பெரிய முதலாளி என்போம். அவர் மில்லில் சீமை ஆயில் இன்ஜின் ஒன்று ஓடியது. யுத்த காலத்தில் அது படுத்துக்கொண்டது. சாமான் கப்பலில் வர வேண்டும், கப்பலோ வருகிற வழியாக இல்லை. களத்தில் அவித்த நெல் கிடக்கிறது. இரண்டு நாள் போனால் தெருவே மூக்கைப் பிடிக்கும்.

“நெல்லு நாறுறதுக்குள்ள இஞ்சின் ஓடணும். அப்புறம் எவன் கப்பல் எப்ப வந்தா எனக்கென்ன?” என்றாராம். உடைந்த சாமானை அச்சாக வைத்து உள்ளூரிலேயே வார்த்து, ராவி, மாட்டினார்கள். ஓடியது. பக்கத்து மில்காரர்கள் வந்தார்கள். சாமான் செய்தவர்கள் ஒரு நாள் முழு இன்ஜினையே செய்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியின் சரித்திரம் இவ்வளவுதான். பின்னாளில் யாரோ ஆங்கிலத்தில் வழுவழு தாளில் நீளமாக அச்சடித்தார்கள். அதில் நெல் நாற்றம் இல்லை.

ரயில் இன்ஜினுக்குப் போனது இன்னொரு கூத்து. கரும்பு ஏற்றி இழுக்க ஒரு சின்ன இன்ஜின் வேண்டும் என்று ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து கேட்டார்கள். “தண்ணி எறைக்கிற இஞ்சின தூக்கி சக்கரத்து மேல வச்சா ரயிலு. இதுல என்ன இருக்கு?” என்றார் பெரிய முதலாளி. என்ன இருக்கிறது என்பது சோதனை ஓட்டத்தில் தெரிந்தது. வண்டி ஜோராகக் கிளம்பியது. தண்டவாளம் முடிந்தது. வண்டி முடியவில்லை. வரப்பைத் தாண்டி நடவு வயலுக்குள் இறங்கி, சேற்றில் அச்சு வரை புதைந்து, அப்போதும் டுக்டுக்கென்று ஓடிக்கொண்டிருந்ததாம். நடவுக்கு நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். பெரிய முதலாளி கோபப்படவில்லை. “ஓடத் தெரிஞ்சிடுச்சு. இனிமே நிக்கக் கத்துக்கணும்” என்றார்.

கற்றுக்கொண்டார்கள். சர்க்கரை ஆலை, சிமெண்டு ஆலை, துறைமுகம் என்று எங்கள் சின்ன டீசல் இன்ஜின்கள் போயின. மீட்டர்கேஜ் காலத்தில் சில ஸ்டேஷன்களில் கூட்ஸ் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நின்றதும் எங்கள் பிள்ளைகள்தான்.

மாமியார் இன்ஜின்

எனக்கு ரயில் இன்ஜின் ஷெட்டில் வேலை இல்லை. நான் பம்ப்செட் இன்ஜின் சர்வீஸ். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவன். மொபெட்டில் சாமான் பையைக் கட்டிக்கொண்டு திருவாரூர் வரை போய் வந்ததுதான் என் படிப்பு.

மேட்டூர் திறக்காத வருஷத்தில் என்னைப் போல மதிப்பான ஆள் டெல்டாவில் கிடையாது. நாற்றங்கால் காயும்போது இன்ஜின் நின்றுவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். போய் இறங்கினால் முதலில் மோர், பிறகு வசவு. ஒரு பெரியவர் சொன்னது மறக்காது: “தம்பி, உங்க இஞ்சின் எங்க மாமியா மாதிரி. கெளப்புறதுதான் பாடு. கெளம்பிட்டா எவனாலயும் நிறுத்த முடியாது.” அவர் மாமியார் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “மாமியா இருக்கறதாலதான் வயலு நனையுது” என்றார் அந்த அம்மாள். இரண்டும் நிஜம்.

பிறகு மோட்டாருக்கு இலவசக் கரண்டு வந்தது. நல்ல காரியம், நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு தோளில் தூக்கிப் போகிற மாதிரி வெளிநாட்டுக் குட்டி இன்ஜின்கள் வந்தன. எங்கள் இன்ஜினை நகர்த்த நாலு ஆள் வேண்டும். சர்வீஸ் செக்‌ஷனை மூடினார்கள். என்னை ரயில் இன்ஜின் ஷெட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அங்கே எனக்குக் கொடுத்த வேலை, வேலை செய்கிறவர்களைப் பார்ப்பது. அப்படித்தான் மரியபுஷ்பம் அக்காவைப் பார்த்தேன்.

பாவத்துக்குக் கொடுத்த வேலை

அக்காவுக்கு வேளாங்கண்ணிப் பக்கம் பிறந்த ஊர். புருஷன் எங்கள் ஷெட்டில் ஒயர்மேன். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பெரிய முதலாளி பாவம் பார்த்து அவர் இடத்தை அக்காவுக்குக் கொடுத்தார். ஷெட்டில் நாற்பது ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண்.

“பாவத்துக்குக் கொடுத்த வேலை.” இதை யாரும் வைது சொல்லவில்லை. டீ குடிக்கும்போது, சம்பளத்தன்று, லீவு கேட்டு நிற்கும்போது, ஏதோ அவர் பேருக்கு முன்னால் போடுகிற இனிஷியல் மாதிரி சொல்வார்கள்.

முதலில் ஒயரை அளந்து வெட்டித் தரும் வேலைதான் கொடுத்தார்கள். அக்கா வெட்டிக்கொண்டே கவனித்தார். ரயில் இன்ஜினில் ஒயர் கட்டுக் கட்டாகப் போகும். அதிர்வில் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் இருக்க, மெழுகு நூலால் விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சு என்று இறுக்கிக் கட்ட வேண்டும். வேளாங்கண்ணியில் அம்மாவோடு உட்கார்ந்து மாலை கட்டிய கை. முடிச்சு ஒன்றுபோல விழும், நூல் முனை வெளியே தெரியாது.

ராமாமிர்தம் ஏர் பைப் ஃபிட்டர், பிரேக்குக்குக் காற்று போகிற குழாய் வேலை. வாய் சும்மா இருக்காது. “அக்கா, இந்தக் கட்ட நாலு மொழம் குடுங்க. வீட்டுல தலைக்கு வச்சுக்கட்டும்” என்பான்.

“அவ தலைக்கு எதுக்கு? ஒன் வாய்க்கு ஒரு மொழம் போதும், கட்டறதுக்கு” என்பார் அக்கா, நிமிராமல்.

சில வருஷங்களில் ஒயரிங் முழுவதும் அவர் கைக்கு வந்தது. பாவத்துக்குக் கொடுத்த வேலை என்ற பேச்சு மட்டும் போகவில்லை.

குறி போடுவது

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, எந்த அதிகாரியும் சொல்லித்தராதது. ஒரு இன்ஜினில் தன் வேலை முடிந்ததும் அந்தந்த ஆள் இன்ஜினின் கறுப்பு அடிச்சட்டத்தில் சாக்பீஸால் தன் குறியைப் போடுவார். ஜமால் பாய் டீசல் பைப் ஃபிட்டர். அவர் குறி பிறை. ராமாமிர்தம் வாலை வளைத்து ஒரு மீன் போடுவான். எல்லாக் குறியும் விழுந்த பிறகுதான் இன்ஜினுக்குத் தேங்காய் உடைப்பார்கள். வண்டி கேட்டைத் தாண்டும்போது குறிகள் அப்படியே இருக்கும். மழையோ பனியோ வழியில் எங்காவது கழுவிக்கொள்ளும்.

குறி போட்டுவிட்டால் அந்த வேலைக்கு அவர் பொறுப்பு. ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் பைப் ஒழுகினாலும் “பிறை ஒழுகுது” என்றுதான் ஷெட்டில் பேச்சு.

அக்கா ஐந்து முனை நட்சத்திரம் போடுவார். முதல் தடவை போட்டபோது சாக்பீஸ் இரண்டாக உடைந்ததாம், அவ்வளவு அழுத்தம். ஒயரிங்கைத் தனியாக முடித்துக் குறி போட்ட அன்று யாரும் பாவம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். “ஒரு நாளுதான் தங்கராசு. மறுநா ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அந்த ஒரு நா நல்லா இருந்துச்சு.”

ஆளுக்கு ஒன்று பாக்கி

பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தார். மகன் வெளிநாட்டில். கம்பெனியை வடக்கே உள்ள யாருக்கோ விற்றார். புது ஆட்கள் பார்க்க வந்த அன்று காரை ஷெட்டுக்குள் விடவில்லை. மெயின் ரோட்டை ஒட்டிச் சுவர் எவ்வளவு நீளம் போகிறது என்று மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். “மாடு வாங்க வந்தவன் பல்லப் பாக்காம தோல தடவிப் பாக்கறான்” என்றார் ஜமால் பாய். அவர்கள் வாங்கியது இடத்தைத்தான் என்று எங்களுக்குப் புரிந்தது.

மீட்டர்கேஜ் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு ஆர்டர், சிமெண்டு ஆலைக்கு ஒரு சின்ன இன்ஜின். அது கிளம்பிவிட்டால் வேலை இல்லை என்று காட்டிக் கேட்டைப் பூட்டலாம். யூனியன் வழக்குப் போட்டிருந்தது. பொங்கல் கழித்து விசாரணை. “அதுவரைக்கும் அந்த இன்ஜின் உங்க ஷெட்டுல நிக்கணும். கைவசம் வேலை இருக்குன்னா நான் பேசறதுக்கு இடம் இருக்கு” என்றார் வக்கீல்.

வழி சொன்னது அக்கா. “வேலைய நிறுத்தினா நம்ம மேல பழி. நிறுத்த வேணாம். ஆளுக்கு ஒண்ணு பாக்கி வைப்போம். பாய் ஒரு பைப்பு, ராமாமிர்தம் ஒரு பைப்பு, நான் ஒயரு. ஒருத்தர மெரட்டி முடிச்சாலும் மத்தது நிக்கும்.”

நல்ல யோசனை. எல்லாரும் இன்ஜினைத் தொட்டுச் சத்தியம் செய்தோம். எனக்குப் பாக்கி வைக்க ஒன்றும் இல்லை, நானும் தொட்டேன்.

அந்த யோசனையில் ஒரு ஓட்டை இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே தெரியாமல் போகிற ஓட்டை. அதை மேனேஜர் கண்டுபிடித்தார்.

காலை நடை

மேனேஜர் எங்களோடு இருபது வருஷம் இருந்தவர். அவர் சத்தம் போடவில்லை, மெமோ கொடுக்கவில்லை. காலையில் இன்ஜினை ஒரு சுற்று சுற்றுவார். கை பின்னால் கட்டியிருக்கும். ஒரு நாள் ராமாமிர்தத்தின் பாதி பைப் முன்னால் நின்றார்.

“இது யாரு போட்டது? புது ஆளா?”

போய்விட்டார். அவ்வளவுதான். ராமாமிர்தம் பத்து மணி வரை பொறுத்தான். பதினோரு மணிக்கு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். மத்தியானம் பைப் முடிந்தது. முடிந்த வேலைக்குக் குறி போடாமல் எழுந்திருக்க அவன் கை கேட்கவில்லை. மீன் விழுந்தது.

“என்னடா இது?” என்றேன்.

“பிரேக்கு பைப்புதாண்ணே. டீசல் பைப்பு இல்லாம எங்க போயிடும்?”

அடுத்த வாரம் மேனேஜர் டீசல் பைப் பக்கம் நின்றார். “பாய்க்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்லையோ” என்று பக்கத்தில் வந்த சூப்பர்வைசரிடம் கேட்டார். மெதுவாக, ஆனால் பாய் காதில் விழுகிற மாதிரி. இரண்டாம் நாள் பிறை விழுந்தது. பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஒயரு இருக்குல்ல. ஒயரு இல்லாம ஸ்டார்ட் ஆவுமா?”

இப்படியே ஒவ்வொன்றாக. யாரையும் மிரட்டவில்லை. ஒவ்வொருவரும் தன்னுடையது ஒன்றை மட்டும் முடித்தார். மற்றவர்களுடையது பாக்கி இருக்கிறது என்ற தைரியத்தில் முடித்தார். அரைகுறை வேலையைத் தினம் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார எங்களுக்குத் தெரியவில்லை. அது ஒரு நோய். அதைப் பெருமை என்று எங்களுக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

அக்கா ஒவ்வொரு குறி விழும்போதும் சண்டை போட்டார். “சத்தியம் பண்ணின கையாலயே சாக்பீஸ எடுக்கறீங்களே, வெக்கமா இல்ல?”

“நீங்க இருக்கறப்ப எங்களுக்கு என்னக்கா பயம்?” என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில், நாற்பது பேர் வீட்டு உலையும் ஒரே ஆளின் ஒயரில் தொங்கத் தொடங்கியது.

அக்காவின் ஒயர்கள் கேபினில் அவிழ்த்த கூந்தல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. மேனேஜர் ஒரு மாதம் அந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம், சங்கு ஊதி எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்தார். அக்காவிடம் பேசவில்லை. எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“ஒயரிங் ஒண்ணுதான் நிக்குது. அத யாரையும் கேட்டுப் பிரயோசனம் இல்ல, பாவத்துக்குக் கொடுத்த வேலை. நாளைக்கு மத்தியானம் வெளியிலேந்து ஆளு வருது.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை. அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலை

அந்த மறுநாள்தான் நான் முதலில் சொன்ன மார்கழிக் காலை. அக்கா வந்ததும் அடிச்சட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து ஒவ்வொரு குறியாகப் பார்த்தார். பிறகு ஜமால் பாயிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ராமாமிர்தம்தான் பேசினான். “அக்கா, நீங்க கைய வைக்காதீங்க. வெளியாளு வந்தா கேட்டுலயே மறிச்சுடறோம்.”

“மறிப்பீங்க,” என்றார் அக்கா. “ஒரு மாசமா மறிச்சதத்தான் பாத்தேனே.”

நான் சொன்னேன்: “இன்னும் கொஞ்ச நாளுதாங்கக்கா. பொங்கலு வரைக்கும் நீங்க ஒருத்தர் நின்னாப் போதும்.”

“நான் நின்னா நிக்குமா தங்கராசு? இன்னிக்கு மத்தியானம் எவனோ வருவான். என் ஒயரெல்லாம் ஒண்ணாப் புடிச்சு முறுக்கி டேப்பச் சுத்திட்டுப் போவான். வண்டி போயிடும். நாற்பது வேலையும் போயிடும். என் வேலை மட்டும் ரெண்டு தடவ போவும்.”

 

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே இன்ஜினை நீளமான லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணையில் எங்கள் வக்கீல் எழுந்து நின்றார், கைவசம் வேலை இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை, உட்கார்ந்தார். தை முடிவதற்குள் கேட்டில் பூட்டு. ஜமால் பாய் மகனோடு குவைத்தில் இருந்துவிட்டு வந்து இப்போது பேரனைப் பள்ளியில் விடுகிறார். ராமாமிர்தம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்க்கிறான். ஷெட் இருந்த இடத்தில் ஏதோ நகர் என்று வளைவு போட்டு, வரிசையாகக் கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். பஸ் அந்த வளைவைத் தாண்டும்போது நான் இன்னமும் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். அங்கே வீடு கட்டிய ஒருவர், போர் போட்டால் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று குறைப்பட்டார். 

மரியபுஷ்பம் அக்கா இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தக் காலை மட்டும்தான்.

அக்கா பையிலிருந்து கட்டிங் பிளேயரையும் மெழுகு நூல் கண்டையும் எடுத்துக்கொண்டு கேபினுக்குள் ஏறினார். நாங்கள் கீழே நின்றோம். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. மேலே நூல் இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவசரம் இல்லை, விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சு. வாசலில் மேனேஜர் ஒருமுறை வந்து நின்று, பார்த்து, போனார். பனி காய்ந்து கூரையில் வெயில் ஏறியது.

மத்தியானச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு இறங்கினார். ராமாமிர்தம் சாக்பீஸை நீட்டினான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு. “போடுங்கக்கா,” என்றான்.

அக்கா அதை வாங்கவில்லை. மூலையில் கிடந்த வேஸ்ட் துணியை எடுத்து டீசல் வாளியில் முக்கிப் பிழிந்தார். அடிச்சட்டத்தின் ஒரு முனையில் தொடங்கி, ஜமால் பாயின் பிறையைத் துடைத்தார். அடுத்ததை, அதற்கு அடுத்ததை, வரிசையாகக் கடைசி வரைக்கும் துடைத்தார். ராமாமிர்தத்தின் மீனில் வால் மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது. திரும்பி வந்து அதையும் துடைத்தார்.